காகிதத் தலைக்கவசம்: அளவு முதலில், கத்தரி பிறகு

காகிதத்தில் கவசம் செய்ய வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: பிரின்ட் கொடுக்க அவசரப்படாதீர்கள், அளவெடுங்கள். தாடைக்கு அடியிலிருந்து உச்சந்தலை வரை நேர் உயரம். உள்ளே ஃபோம் ஒட்ட அதோடு 3 செ.மீ. இந்த உயரத்தை மி.மீட்டரில் பெபகுரா டிசைனரில் (முப்பரிமாண வடிவத்தை வெட்டி ஒட்டும் தாள் துண்டுகளாக விரித்துத் தரும் மென்பொருள்) கொடுத்தால் அகலமும் ஆழமும் அதே விகிதத்தில் மாறிவிடும். கழுத்துத் துவாரத்தை மட்டும் தனியே பாருங்கள். அங்கே தலை நுழையாவிட்டால் மொத்த உழைப்பும் வீண். அந்தச் சுற்றளவுக்கு ஒரு அட்டைப் பட்டையை வளையமாக ஒட்டி, காது மடங்காமல் இறங்குகிறதா என்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

தாள் 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) போதும். மடிப்புக் கோட்டில் ஸ்கேல் வைத்து, மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீறுங்கள். அப்போதுதான் விளிம்பு கூர்மையாக நிற்கும். உச்சியிலிருந்து, துண்டுகளின் விளிம்பில் அச்சான எண்களைப் பார்த்து எண்ணுக்கு எண் பொருத்தி ஒட்டிக்கொண்டே கீழே வாருங்கள். ஃபெவிக்காலை மெல்லிசாகத் தடவுங்கள், அதிகமானால் தாள் ஊறி நெளியும்.