கோட்டையை மானம் போகாமல் ஒப்படைப்பது எப்படி?

1690களில் ஃபிளாண்டர்ஸ் (இன்றைய பெல்ஜியப் பகுதி) பக்கம் ஒரு கோட்டை நகரத்துக்கு நீங்கள்தான் தளபதி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே எதிரி கூடாரம் போட்டுவிட்டான், உதவிப் படை வருகிற வழியாக இல்லை. கடைசி ஆள் சாகும்வரை போராடுவதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். உங்கள் வேலை அது இல்லை. எதிரியின் நாட்களை முடிந்தவரை வீணடித்துவிட்டு, சரியான நேரம் பார்த்துச் சரணடைவதுதான் வேலை.

அந்த நேரத்தை எதிரி வெட்டும் குழிகளே சொல்லிவிடும். 1673இல் டச்சு நகரமான மாஸ்ட்ரிக்ட்டை முற்றுகையிட்டபோது பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் செய்து காட்டிய முறையைத்தான் இப்போது எல்லோரும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்: மதிலுக்கு இணையாக நீளமாக ஒரு குழி, அதிலிருந்து வளைந்து வளைந்து முன்னேறும் குழிகள், அப்புறம் இன்னும் கிட்டத்தில் இரண்டாவது இணைக்குழி, மூன்றாவது இணைக்குழி. முதல் குழியைப் பார்த்துப் பதற வேண்டாம். இரவில் திடீரென்று வெளியே பாய்ந்து, வெட்டியதைத் தூர்த்துவிட்டு உள்ளே ஓடி வந்துவிடுங்கள், அவர்கள் மறுபடி வெட்டுகிற ஒவ்வொரு நாளும் உங்களுக்கு லாபம். நல்ல கோட்டை 48 நாள் தாங்கும் என்பது வோபான் போட்ட கணக்கு. மாஸ்ட்ரிக்ட் என்னவோ குழி வெட்டத் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் விழுந்துவிட்டது.

அவசரப்பட்டால் உங்கள் பக்கத்துக்காரர்களே உங்களைத் தீர்த்துவிடுவார்கள். 1695இல் டிக்ஸ்மவுடே நகரைச் சரியாகச் சண்டை போடாமலே பிரெஞ்சுக்காரர்களிடம் கொடுத்த அதன் தளபதி எல்லன்பெர்கர், ராணுவ விசாரணைக்குப் பிறகு தலையை இழந்தார். தாமதித்தால் அதைவிடக் கொடுமை. 1631 மே மாதம் ஜெர்மன் நகரமான மாக்டபர்க் ஒப்படைக்க மறுத்தது, எதிரிகள் மதிலேறிப் புகுந்தார்கள், ஊர் எரிந்தது, சுமார் 20,000 பேர் செத்தார்கள். அதனால் பிரதான மதில் உடைந்து, அகழி தூர்க்கப்பட்டு, எதிரி பாயத் தயாராக நிற்கும் அந்த இடைவெளிதான் உங்களுக்கானது. நீங்கள் பிரெஞ்சு ராஜா பதினான்காம் லூயியின் ஆளாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கஷ்டம், உடைப்பில் ஒரு தாக்குதலையாவது தாங்கிவிட்டுத்தான் பேசவேண்டும் என்று அவர் எதிர்பார்ப்பார்.

சரி, நேரம் வந்துவிட்டது. மதில் மேல் ஒரு முரசுக்காரனை ஏற்றிச் சரணடையும் தாளத்தை அடிக்கச் சொல்லுங்கள். பீரங்கிகள் ஓய்ந்ததும் இரண்டு பக்கமும் சம அந்தஸ்துள்ள அதிகாரிகளைப் பணயமாக மாற்றிக்கொள்வார்கள். அப்புறம் பேரம். தாளில் ஒரு பக்கம் உங்கள் கோரிக்கைகள் வரிசையாக, பக்கத்திலேயே ஒவ்வொன்றுக்கும் எதிரியின் பதில், 'சம்மதம்' அல்லது 'முடியாது'. எப்படியும் வெட்டுவான் என்பதால் கூடுதலாகவே கேளுங்கள்.

விட்டுக்கொடுக்கக் கூடாதது வெளியேறும் மரியாதை: மதில் உடைப்பு வழியாக, கொடி பறக்க, முரசு முழங்க, துப்பாக்கியைப் பற்றவைக்கும் தீத்திரி இரண்டு முனையும் எரிய, வாயில் ஈயக் குண்டைக் கடித்தபடி வீரர்கள் நடப்பார்கள். வாயில் குண்டு எதற்கென்றால், சண்டையில் சட்டென்று துப்பாக்கியில் போட அப்படித்தான் வைத்துக்கொள்வார்கள், ஆக 'இப்போதும் எங்களால் சண்டை போட முடியும்' என்று அர்த்தம். கூடவே இரண்டு பீரங்கி கேளுங்கள். மூடுவண்டி சிலவும் கேளுங்கள், அவற்றை யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். எதிரிப் படையிலிருந்து உங்களிடம் ஓடிவந்தவர்களை அதில்தான் ஒளித்துக் கொண்டுபோக வேண்டும், மாட்டினால் தூக்குதான். காயம்பட்டவர்கள் குணமாகும்வரை ஊரிலேயே இருக்க அனுமதியும் வேண்டும். ஊர்க்காரர்களையும் மறந்துவிடாதீர்கள், பிடிபட்ட ஊரின் தேவாலய மணிகள் தனக்குச் சேரவேண்டும் என்று எதிரியின் பீரங்கிப்படைத் தலைவன் வந்து நிற்பான், பணம் கொடுத்துத்தான் மீட்கவேண்டியிருக்கும்.

இதெல்லாம் கிடைக்குமா என்றால், கிடைக்கும். 1625இல் ஒன்பது மாதத்துக்கும் மேல் தாங்கிய டச்சு நகரம் பிரெடாவின் படையை ஸ்பானியத் தளபதி ஸ்பினோலா ஆயுதங்களோடும் கொடிகளோடும் போகவிட்டார்.

கையெழுத்தானதும் ஒரு வாசலை ஒப்படைத்து, வெடிமருந்துக் கிடங்கையும் கண்ணி வைத்த இடங்களையும் காட்டிவிடுங்கள். இதற்கு முன்னால் போட்ட ஒப்பந்தங்களை உங்கள் ராஜா மதித்தாரா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். 1695 செப்டம்பரில் நமூர் உள்கோட்டையிலிருந்து மரியாதையோடு வெளியே வந்த பிரெஞ்சு மார்ஷல் பூஃப்லேரை எதிரிகள் அங்கேயே கைது செய்தார்கள். டிக்ஸ்மவுடேயில் பிடித்த வீரர்களைப் பிரெஞ்சுக்காரர்கள் திருப்பித் தராததற்குப் பழிவாங்கல் அது. அதனால் கடைசி வண்டி உங்கள் எல்லையைத் தொடும்வரை, அவர்கள் கொடுத்த பணயக்காரர்களை விட்டுவிடாதீர்கள்.