உள்நுழைவு அனுமதிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது?

கோயம்புத்தூரில் 400 பேர் வேலை பார்க்கும் ஒரு நிறுவனத்தில் ஐடி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். யார் எந்த மென்பொருளுக்குள் போகலாம் என்று நிர்வகிக்க என்ன செலவு என்று கேட்டால், பலரும் லைசென்ஸ் பில்லைத்தான் காட்டுவார்கள். அது ஒரு பகுதிதான்.

முதலில் மூன்று மாத ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளை, அதாவது ஐடி பிரிவிடம் உதவி கேட்டு ஊழியர்கள் பதிந்த கோரிக்கைகளை எடுங்கள். பாஸ்வேர்டு மறந்தது, அக்கவுண்ட் லாக் ஆனது, போன் மாற்றியதால் ஓடிபி வராதது எல்லாவற்றையும் தனியாகப் பிரியுங்கள். மாதம் 120 டிக்கெட், ஒவ்வொன்றும் 15 நிமிடம் என்றால் 30 மணி நேரம். வேலை நின்றுபோய்க் காத்திருந்தவரின் நேரத்தையும் கூட்டுங்கள். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான்.

அப்புறம் புதிதாகச் சேர்பவர்கள். எங்கள் கணக்குப் பிரிவில் சேர்ந்த ஒரு பெண்ணுக்கு நாலாவது நாள்தான் ஈஆர்பி (கணக்கு, கொள்முதல் போன்ற வேலைகள் நடக்கும் நிறுவன மென்பொருள்) அனுமதி கிடைத்தது. மூன்று நாளும் பழைய வவுச்சர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். அந்தச் சம்பளமும் இந்தக் கணக்கில்தான் வரவேண்டும்.

வேலையை விட்டவர்களின் பட்டியலை, இன்னும் இயங்கும் அக்கவுண்டுகளோடு எக்செலில் ஒப்பிடுங்கள். மிஞ்சும் ஒவ்வொரு பெயரும் வீண் லைசென்ஸ், பூட்டாத கதவும்கூட.

சிங்கிள் சைன்-ஆனுக்காக (ஒருமுறை உள்நுழைந்தால் பல மென்பொருள்களையும் திறக்கும் வசதி) வாங்கிய உயர் பிளானின் கூடுதல் விலை, அனுமதிகளைச் சரிபார்க்க மேலாளர்கள் செலவிடும் நேரம், மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி கணினிச் செயல்பாட்டுப் பதிவுகளை (log) 180 நாள் சேமிக்கும் செலவு ஆகியவற்றையும் சேர்த்து, 3 ஆண்டுக்குக் கூட்டி, ஆள் எண்ணிக்கையால் வகுங்கள்.