ரெசின் கிட் முதல் தடவை பண்றீங்களா? பெயிண்ட் டப்பாவை அப்புறமா திறக்கலாம்

பார்ட்ஸை ஒட்டி பெயிண்ட் அடிச்சு குட்டி டேங்க், கார், ஆள்னு பண்ற மாடல் கிட்ல, பிளாஸ்டிக் கிட் நாலஞ்சு முடிச்சிட்டு ரெசின் (அச்சுல ஊத்தி இறுக வைக்கிற பிசின்) பக்கம் வரலாம்னு இருக்கீங்கன்னா, எடுத்ததும் பெரிய டேங்க், கார்னு போகாதீங்க, 1/35 ஸ்கேல்ல, அதாவது நிஜ அளவுல 35-ல ஒரு பங்கு சைஸ்ல, ஒரே ஒரு சோல்ஜர் ஃபிகர் போதும். ஆள் மொத்தமே 5 சென்டிமீட்டர் உயரம்தான், தலை, கை, உடம்பு, துப்பாக்கின்னு கொஞ்சம் பார்ட்ஸ்தான் வரும், ஆனா கத்துக்க வேண்டியது பாதிக்கு மேல அதுலயே வந்துடும்.

முதல் வேலை கழுவுறது. பார்ட்ஸ் எல்லாம் சிலிக்கான் மோல்டுல ஊத்தி எடுத்தது, ஒட்டாம கழண்டு வர்றதுக்கு ரிலீஸ் ஏஜென்ட் அடிச்சிருப்பாங்க, அந்தப் பிசுக்கு மேல பெயிண்ட் அடிச்சா அப்புறம் தோல் மாதிரி உரிஞ்சு வரும். வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற லிக்விட், பழைய டூத்பிரஷ், அவ்வளவுதான். சிங்க்ல வேணாம், கிண்ணத்துல வச்சு கழுவுங்க, குட்டிக் கை ஒண்ணு பைப்புக்குள்ள போச்சுன்னா கதை முடிஞ்சுது.

அடுத்து கட்டிங். ஒவ்வொரு பார்ட்டும் ஒரு ரெசின் கட்டியோட சேர்ந்தே இருக்கும், அதை ரேஸர் சாங்கிற மெல்லிசான குட்டி ரம்பம் வச்சு அறுக்கணும், பார்ட்டை ஒட்டி அறுக்காம ஒரு மில்லிமீட்டர் விட்டுட்டு மிச்சத்தை தேய்ங்க. இங்க மட்டும் அலட்சியம் வேணாம், ரெசின் தூசி நுரையீரலுக்கு ஆகாது. ஹார்டுவேர் கடையில வாட்டர் பேப்பர்னு கேளுங்க, 400, 800 நம்பர் ரெண்டும் வாங்கிக்கோங்க, தண்ணியில நனைச்சே தேய்ங்க, அறுக்கும்போது என்-95 மாஸ்க் போட்டுக்கோங்க. சாப்பாட்டு மேசையில இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

துப்பாக்கி பேரல் வளைஞ்சு வந்திருந்தா கடைக்காரரை திட்டாதீங்க, மெல்லிசான ரெசின் பார்ட் அப்படித்தான் வரும். நல்ல சூடான தண்ணியில கொஞ்ச நேரம் போட்டா இளகிடும், நேராக்கி அப்படியே பிடிச்சிக்கிட்டு பச்சத்தண்ணியில முக்குங்க, நின்னுடும்.

பிளாஸ்டிக் கிட்டுக்கு வாங்கின சிமென்ட் இதுல ஒட்டவே ஒட்டாது, அது பாலிஸ்டைரீனை கரைச்சு ஒட்டுற சரக்கு, ரெசினை அது கரைக்காது. ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூதான் வேணும், இல்ல நிதானமா பொசிஷன் பார்த்து ஒட்டணும்னா அரால்டைட். ஆனா வெறும் க்ளூல ஒட்டின கை கீழ விழுந்தா கழண்டுடும், அதனால உள்ள ஒரு கம்பி குடுக்கணும். தோள்ல பின் வைஸால (விரலால சுத்துற குட்டி டிரில்) 1 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு அதே சைஸ் பித்தளைக் கம்பியை சொருகி, கம்பி நுனியில ஒரு பொட்டு பெயிண்ட் வச்சு கையை அது மேல லேசா அமுக்குங்க, கையில எங்க ஓட்டை போடணும்னு அந்தப் பொட்டே காட்டிடும். எனக்கு இந்த ஹாபியிலேயே ரொம்பப் பிடிச்ச வேலை இதுதான்.

ஜாயின்ட்ல இடைவெளி, காத்துக் குமிழி ஓட்டை எல்லாத்துக்கும் புட்டி. கிரீம் கலர் ரெசின்ல பாதி ஓட்டை கண்ணுக்கே தெரியாது, கிரே பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிப்பூச்சு) அடிச்சதும் ஒண்ணொண்ணா பல்லிளிக்கும், திரும்ப புட்டி, திரும்ப பிரைமர், சலிச்சுக்காதீங்க. பிரைமர் கட்டாயம் அடிக்கணும், ஸ்ப்ரே கேன்னா 20 சென்டிமீட்டர் தள்ளி நின்னு மெல்லிசா ரெண்டு கோட், ஜன்னல் திறந்திருக்கணும், மழை பெஞ்சு ஈரக்காத்து அடிக்கிற அன்னிக்கு மட்டும் வேணாம், வெள்ளையா பூத்துடும்.

காத்தால பெயிண்டைத் தூவுற ஏர்பிரஷ் இப்ப தேவையில்ல, நல்ல முனை இருக்குற பிரஷ் ரெண்டும் வாட்டர் பேஸ் அக்ரிலிக்கும் இருந்தா போதும். பெயிண்ட் நீர்மோர் பதத்துக்கு வரணும், ஒரே கோட்ல மூடணும்னு நினைக்காதீங்க, மூணு நாலு போகட்டும். முகத்துல கண்ணை முதல்ல முடிச்சிடுங்க, வெளிய வழிஞ்சதை ஸ்கின் கலர் வச்சு மூடிக்கலாம். இந்த சைஸ்ல தலையே 6, 7 மில்லிமீட்டர்தான், வெள்ளை முழி, கறுப்பு பொட்டுன்னு வச்சா பேயைப் பார்த்தவன் மாதிரி முழிப்பான், டார்க் பிரவுன்ல ஒரு மெல்லிசு கோடு இழுத்தாலே கண்ணு வந்துடும். அப்புறம் மூக்குத் தண்டு, கன்னத்துல லைட் ஷேட், தாடைக்கு கீழ டார்க். யூனிஃபார்ம் மடிப்புக்கும் இதே கணக்குதான்.

கடைசியா பளபளப்பில்லாத மேட் வார்னிஷ், அது நல்லா காய்ஞ்சதும் பூட்ஸ், பெல்ட்ல மட்டும் பிரஷ்ஷால லேசா பளபளக்குற செமி-கிளாஸ் வார்னிஷ் தடவுங்க, துணி வேற லெதர் வேறன்னு தனியா தெரியும்.