லங்காஸ்டரிலிருந்து கால்வாய்க் கரையோடு ஏரிகளை நோக்கி

இங்கிலாந்தின் ஏரிப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டுக்கு சைக்கிளில் போகவேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: லங்காஸ்டரில் ஏறி வடக்கே மிதியுங்கள், திரும்பி வர ரயிலைப் பிடியுங்கள். இந்தப் பக்கம் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். அதை முதுகில் வாங்குவது சுகம், முகத்தில் வாங்கினால் பேசக்கூடத் தெம்பிருக்காது.

லூன் ஆற்றின் மில்லேனியம் பாலத்தருகே தொடங்குங்கள். ஆற்றங்கரையோடு மேல்நோக்கிப் போவது பழைய ரயில் தடம். மட்டமான பாதை, குழந்தைகளும் ஓட்டலாம். கொஞ்ச தூரத்தில் ஐந்து வளைவுகளோடு ஒரு தொட்டிப்பாலம் குறுக்கே நிற்கும். பொறியாளர் ஜான் ரென்னி வடிவமைத்து 1797-இல் முடிந்தது. கீழே ஆறு, மேலே லங்காஸ்டர் கால்வாய். பொழுதிருந்தால் இதே தடத்தில் குரூக் ஓ லூன் வரை போய் வாருங்கள். ஓவியர் டர்னர் வரைந்த ஆற்று வளைவு அது. இல்லையென்றால் இங்கேயே இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, தொட்டிப்பாலத்தைக் கடந்து வடக்கே திரும்புங்கள்.

இங்கிருந்து டியூவிட்ஃபீல்டு வரை கால்வாயில் ஒரு லாக்கூட (படகை மேலேற்றி இறக்கும் மதகுத் தொட்டி) இல்லை, அதனால் மேடும் இல்லை. ஆனால் கரைப்பாதை ஒடுக்கமானது. மழை பெய்தால் சேறு. மெல்லிய டயர் வேண்டாம். கல் பாலங்களுக்கு அடியில் எதிரே வருபவர் தெரியமாட்டார். மணி அடித்து, மெதுவாகப் போங்கள். அப்படியே ஒரு பாலத்தின் மூலைக் கல்லைத் தடவிப் பாருங்கள். குதிரைகள் படகிழுத்த காலத்துக் கயிறு, கிணற்று விளிம்பைத் தாம்புக்கயிறு தேய்த்த மாதிரி, கல்லில் விரல் புதையும் பள்ளம் போட்டிருக்கும். அந்தப் படகுகளில் நிலக்கரி வடக்கே போனது, சுண்ணாம்புக்கல் தெற்கே வந்தது.

இலையுதிர் காலத்துக்குப் பிறகு வேலி கத்தரிப்பார்கள். முள் பாதையெல்லாம் கிடக்கும், டியூப் இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் குஞ்சுகளோடு அன்னம் பாதையை மறித்தால் காத்திருக்கத்தான் வேண்டும். அதனோடு வாதாட முடியாது.

சாப்பாட்டுக்கு ஹெஸ்ட் பேங்க். மோர்க்கம்ப் வளைகுடாவும் அதற்கப்பால் ஏரிப்பகுதி மலைகளும் தெரியும். புளியோதரைக்கு இதைவிட நல்ல இடம் இந்த வழியில் இல்லை. ஆனால் மணலில் மட்டும் இறங்காதீர்கள். புதைமணல் உண்டு, அலையேற்றமும் வேகமாகச் சூழும். 2004 பிப்ரவரியில் சிப்பி பொறுக்க வந்த சீனத் தொழிலாளர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இந்த வளைகுடாவில்தான் மூழ்கி இறந்தார்கள்.

கார்ன்ஃபோர்த் தாண்டி டியூவிட்ஃபீல்டில் எம்6 நெடுஞ்சாலை கால்வாயை வெட்டிவிடுகிறது. அதற்கு மேல் கரைப்பாதையில் முட்டி மோதாமல் பர்ட்டன், ஹோம் ஊர்கள் வழியே சாலையில் கெண்டல் போய்விடுங்கள். அப்புறம் விண்டர்மியர் ஏரிக்கு மேடு பள்ளம்தான். கால் ஓய்ந்திருந்தால் கெண்டலிலேயே ரயில் ஏறலாம். விண்டர்மியருக்குப் போய்வரும் அந்தக் கிளை ரயிலில் இரண்டு சைக்கிளுக்குத்தான் இடம், முன்பதிவும் கிடையாது. கும்பலாகப் போனால் பிரிந்து ஏறுங்கள்.