கணினி தானாக ரீஸ்டார்ட் ஆகிறதா? ஃபார்மேட் போடுவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்

அக்கா மகள் கல்லூரி புராஜெக்டுக்கு ஒரு வீடியோ தயார் செய்துகொண்டிருந்தாள். வெட்டி ஒட்டும்வரை கணினி ஒழுங்காக ஓடும். எக்ஸ்போர்ட் கொடுத்து எட்டு, பத்து நிமிடம் ஆனதும் திரை சட்டென்று கறுத்துவிடும். கணினி மறுபடி முதலிலிருந்து எழுந்து வரும். மூன்று நாளாக இப்படியே. கடையில் கேட்டதற்கு, "பிராசசர் ஓவர்லோட் ஆகுது, ஃபார்மேட் போட்டுடலாம்" என்றிருக்கிறார்கள். அந்த ஹார்ட் டிஸ்கில் பத்து வருடக் குடும்பப் புகைப்படங்கள் இருந்தன. வேறு எங்கும் நகல் கிடையாது. அதனால்தான் அக்கா எனக்குப் போன் செய்தாள்.

கடைசியில் பார்த்தால், பிராசசர் மேல் உட்கார்ந்திருக்கும் ஃபேனின் நான்கு பிளாஸ்டிக் கால்களில் ஒன்று கழன்றிருந்தது. அழுத்திப் பொருத்தி, புது தெர்மல் பேஸ்ட் (பிராசசரின் சூட்டை மேலே உள்ள உலோகத்துக்குக் கடத்தும் பசை) தடவியதோடு சரியாகிவிட்டது. ஃபார்மேட் போட்டிருந்தால் படங்கள் போயிருக்கும், கோளாறு அப்படியே இருந்திருக்கும். இப்படி யாரும் படங்களை இழக்கக்கூடாது என்பதற்காகத்தான், அன்று செய்ததையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். முதல் நான்கு படிகளுக்குக் காசு செலவில்லை, ஸ்குரூ டிரைவரும் வேண்டாம்.

ஒரு விஷயத்தை முதலில் மனதில் வையுங்கள். பிராசசர் 100 சதவீதம் ஓடுவது தப்பே இல்லை. வீடியோ எக்ஸ்போர்ட் செய்யும்போது அது 100 சதவீதம் ஓடத்தான் வேண்டும். நல்ல நிலையில் உள்ள கணினி நாள் முழுக்க அப்படி ஓடும். ஓடும்போது விழுகிறது என்றால், அந்த வேலைப்பளுவைத் தாங்க முடியாத பாகம் ஒன்று உள்ளே இருக்கிறது. பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: சூடு வெளியேறவில்லை, மின்சாரம் போதவில்லை, அல்லது டிரைவரோ (பாகங்களை இயக்கும் சின்ன மென்பொருள்) ரேமோ (தற்காலிக நினைவகம்) பிழை செய்து விண்டோஸ் தானாக ரீஸ்டார்ட் செய்துகொள்கிறது. இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்ப்பதுதான் நம் வேலை.

படி 1: படங்களை முதலில் வெளியே எடுங்கள்

கணினி எழுந்து வந்து பத்து நிமிடம் நிற்கிறதா? அந்த நேரத்தில் முக்கியமான ஃபோல்டர்களை பென்டிரைவிலோ வெளி ஹார்ட் டிஸ்கிலோ நகலெடுங்கள். நகலெடுப்பது பிராசசருக்குப் பெரிய வேலை இல்லை, அதனால் பெரும்பாலும் தடங்கல் இல்லாமல் முடியும். ஒரே மூச்சில் எடுக்காமல் சின்னச் சின்னத் தொகுதிகளாக எடுங்கள்.

படி 2: தானாக ரீஸ்டார்ட் ஆவதை நிறுத்துங்கள்

விண்டோஸ் பெரிய பிழை ஒன்றில் மாட்டினால் நீலத் திரையை (விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் இது பிழைப் பெயரோடு கறுப்பாக வரும்) காட்டிவிட்டு ரீஸ்டார்ட் ஆகும்படிதான் வைத்திருப்பார்கள். அந்தத் திரை கண்ணில் படாமலேயே போய்விடும். அதனால் ஸ்டார்ட் மெனுவில் ‘வியூ அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ என்று தேடித் திறங்கள். கீழே ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி’ பகுதியில் செட்டிங்ஸ் பட்டனை அழுத்தி, ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ என்ற கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிட்டு ஓகே கொடுங்கள்.

இனி என்ன நடக்கிறது என்று பாருங்கள். நீலத் திரை வந்து அப்படியே நின்றால், அதில் உள்ள பிழைப் பெயரைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; டிரைவர் அல்லது ரேம் பக்கம் தேட வேண்டும் (ரேம் சோதனை படி 7இல்). நீலத் திரை எதுவும் வராமல் இன்னமும் சட்டென்று கறுக்கிறது என்றால், விண்டோஸுக்கே தெரியாமல் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. சூடு அல்லது பவர் பக்கம் போங்கள்.

ரீஸ்டார்ட் ஆகி வரும்போது கறுப்புத் திரையில் வரும் எழுத்துகளையும் படியுங்கள். அக்கா வீட்டுக் கணினியில் ‘சிபியு ஓவர் டெம்பரேச்சர் எரர்’, அதாவது சிபியு எனப்படும் பிராசசரின் சூடு அளவு மீறிவிட்டது என்று ஒரு வரி தெளிவாக வந்துகொண்டிருந்தது. எஃப்1 அழுத்தினால் உள்ளே போகலாம் என்று பக்கத்திலேயே இருந்ததால், அக்கா மகள் தினமும் அழுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறாள். அந்த வரி உங்களுக்கும் வந்தால் நேராகப் படி 5க்குப் போய்விடலாம்.

படி 3: விண்டோஸின் குறிப்பேட்டைப் பாருங்கள்

‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதற்குள் ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போங்கள். கணினி விழுந்த நேரத்தை ஒட்டி ‘கெர்னல்-பவர்’ என்ற பெயரில் 41 என்ற எண் சிவப்பாக இருக்கும். ‘கிரிட்டிக்கல்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "போன தடவை நான் முறையாக அணைக்கப்படவில்லை" என்று விண்டோஸ் எழுந்த பிறகு எழுதி வைக்கும் குறிப்பு அது. காரணத்தை அது சொல்லாது. ஆனால் ‘டீடெய்ல்ஸ்’ பக்கத்தில் ‘பக்செக்கோட்’ என்ற வரி 0 என்று இருந்தால், நீலத் திரைப் பிழை எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். படி 2இல் கண்ணால் பார்த்ததை இது உறுதிப்படுத்தும்.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். 1074 என்ற எண் இருந்தால் ஏதோ ஒரு புரோகிராமோ விண்டோஸ் அப்டேட்டோ முறையாகவே ரீஸ்டார்ட் கொடுத்திருக்கிறது. அது கோளாறே இல்லை. ‘வீயா-லாகர்’ என்ற பெயரில் பிழைகள் வரிசையாக இருந்தால் பிராசசர், ரேம், மதர்போர்டு போன்ற வன்பொருள் சிக்கல்.

படி 4: யார் வேலை வாங்குகிறார்கள், சூடு எவ்வளவு

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிபியு என்ற தலைப்பைக் கிளிக் செய்தால் அதிகம் வேலை வாங்கும் புரோகிராம் மேலே வந்து நிற்கும். கணினி எழுந்த முதல் பத்து, பதினைந்து நிமிடம் விண்டோஸ் அப்டேட்டும் வைரஸ் சோதனையும் ஓடுவது சகஜம். அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். அதற்குப் பிறகும் நீங்கள் எதுவும் செய்யாமலேயே 80, 90 சதவீதம் இருந்தால்தான் தேட வேண்டும். இரண்டு ஆன்ட்டிவைரஸ் போட்டு வைத்திருப்பது வீடுகளில் அடிக்கடி பார்க்கும் காரணம். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

திருட்டு மென்பொருளோடு ஒட்டிக்கொண்டு வந்து, உங்கள் கணினியைக் களவாகப் பயன்படுத்திக் கிரிப்டோ நாணயம் உருவாக்கும் கிரிப்டோ மைனர்கள் இன்னொரு வகை. அவற்றில் சில, டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் பதுங்கிவிடும். ஃபேன் இரைச்சல் பெரிதாக இருந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்த சில நொடிகளில் அடங்குகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். சந்தேகமாக இருந்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘ஸ்கேன் ஆப்ஷன்ஸ்’ போய், ‘டிஃபென்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே சோதிக்கும். கால் மணி நேரம் ஆகும்.

அப்புறம் வெப்பநிலை. கோர் டெம்ப் அல்லது ஹெச்டபிள்யூ இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். சும்மா இருக்கும்போது 35 முதல் 50 டிகிரி செல்சியஸ், முழு வேலையில் 80, 85 வரை என்றால் கவலையில்லை. நம் ஊர் மே மாதத்தில் அறையே 35 டிகிரி இருக்கும், அதற்கேற்ப ஐந்தாறு டிகிரி கூடும். இன்டெல் பிராசசர்கள் பலவற்றுக்கு 100 டிகிரிதான் உச்சவரம்பு. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் சில, முழு வேலையில் 95 வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. அங்கே 95ஐப் பார்த்துப் பதற வேண்டாம்.

உச்சவரம்பை நெருங்கும்போது பிராசசர் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டாஸ்க் மேனேஜரின் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் கிகாஹெர்ட்ஸ் எண் வெகுவாகக் கீழே இறங்குவது அதன் அடையாளம். வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லை என்றால் வன்பொருளே மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பிராசசர் எரிந்துபோகாமல் காப்பாற்றும் ஏற்பாடு அது.

இங்கே எண்ணைவிட, அது ஏறும் விதம்தான் முக்கியம். வேலை கொடுத்த சில நொடிகளிலேயே 90ஐத் தொட்டால் ஹீட்சிங்க் (ஃபேனுக்குக் கீழே சூட்டை இழுத்துக்கொள்ளும் உலோகக் கட்டி) பிராசசர்மேல் சரியாக உட்காரவில்லை, அல்லது பேஸ்ட் காய்ந்துவிட்டது. பத்து நிமிடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் தூசியும் காற்றோட்டமும். வெப்பநிலை 65, 70இல் இருக்கும்போதே கணினி விழுந்தால் சூட்டின் மேல் பழி போடாதீர்கள். படி 6க்குப் போங்கள்.

படி 5: திறந்து சுத்தம் செய்தல்

ஷட் டவுன் செய்து, சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். உள்ளே கை வைப்பதற்கு முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போகும்.

மென்மையான பெயின்ட் பிரஷும் ப்ளோயரும் போதும். வீட்டு வாக்குவம் கிளீனரின் வாயை போர்டுக்கு அருகில் கொண்டுபோக வேண்டாம், நிலைமின்சாரம் உண்டாகும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். ஃபேன் இறக்கையைத் துடைத்துவிட்டு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குக் கீழே, ஹீட்சிங்கின் உலோகத் தகடுகளுக்கு நடுவே கம்பளி போல ஒரு படலம் அடைத்திருக்கும். காற்றை மறிப்பது அதுதான்.

அடுத்து ஹீட்சிங்கை விரலால் லேசாக அசைத்துப் பாருங்கள். ஆடக் கூடாது. இன்டெல் பிராசசர் வாங்கும்போது கூடவே வரும் ஃபேனுக்கு நான்கு பிளாஸ்டிக் கால்கள். அவற்றில் ஒன்று கழன்றாலே ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். கழற்ற, ஒவ்வொரு காலின் தலையையும் அம்புக்குறி காட்டும் திசையில், அதாவது கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருகி மேலே இழுங்கள். மாட்டுவதற்கு முன் நான்கையும் எதிர்ப்பக்கமாகத் திருகிப் பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, மூலைக்கு மூலை எதிரெதிராக இரண்டிரண்டாக அழுத்துங்கள். ‘டக்’ என்ற சத்தம் நான்கு தடவை கேட்க வேண்டும். அக்கா வீட்டில் மூன்றுதான் பிடித்திருந்தது.

ஏஎம்டி ஏஎம்4 வகை போர்டுகளில் ஒரு எச்சரிக்கை. காய்ந்த பேஸ்ட் பசைபோல ஒட்டிக்கொண்டு, ஹீட்சிங்கை நேராக இழுத்தால் பிராசசரும் சேர்ந்து பிடுங்கி வரும், பின்கள் வளையும். கணினியைப் பத்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகு ஹீட்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகித் தளர்த்தித்தான் தூக்க வேண்டும்.

ஒரு தடவை தூக்கிவிட்டால் பழைய பேஸ்ட் உதவாது. இரண்டு பரப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, நார் உதிராத துணியால் துடைத்து, பிராசசரின் நடுவில் ஒரு சின்னப் பட்டாணி அளவு பேஸ்ட் வையுங்கள். ஹீட்சிங்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும். பற்பசை வைத்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்; கொஞ்ச நாளில் காய்ந்து உதிரும். ஃபேன் வயரை போர்டில் சிபியு ஃபேன் என்று அச்சிட்ட இடத்திலேயே மறுபடி செருகுங்கள்.

லேப்டாப் என்றால் மெத்தை, தலையணை மேல் வைத்து வேலை செய்வதை நிறுத்திவிட்டு, பக்கவாட்டுத் துளைகளில் காற்று அடித்துப் பாருங்கள். பின்தகட்டைக் கழற்றும் வேலை பழகியவர்களுக்கு.

படி 6: மின்சாரம்

சூடு சரியாக இருந்தும் விழுகிறதா? சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எஸ்எம்பிஎஸ்ஸைச் சந்தேகப்படுங்கள். சும்மா இருக்கும்போது கொஞ்சமாக மின்சாரம் கேட்கும் கணினி, கேம் அல்லது எக்ஸ்போர்ட் தொடங்கியதும் பல மடங்கு கேட்கும். வயதான எஸ்எம்பிஎஸ் அங்கேதான் தடுமாறும். பின்னாளில் கிராஃபிக்ஸ் கார்டு சேர்த்துவிட்டு, பழைய மலிவு எஸ்எம்பிஎஸ்ஸையே விட்டு வைத்த பெட்டிகளில் இது அதிகம்.

முதலில் யுபிஎஸ்ஸை விலக்கி நேராகச் சுவர் பிளக்கில் போட்டுப் பாருங்கள். பேட்டரி செத்த யுபிஎஸ், மின்சாரம் ஒரு கணம் மினுக்கினாலே கணினியை விழ வைக்கும். வீட்டில் இன்வெர்ட்டர் மட்டும் இருந்தால் அதன் பின்னால் ‘யுபிஎஸ்’, ‘நார்மல்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். நார்மலில் மாறும் நேரம் அதிகம். ஃபேனுக்கும் விளக்குக்கும் அது தெரியாது, கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். யுபிஎஸ் பக்கம் மாற்றினால் பல வீடுகளில் அதோடு பிரச்சினை முடிந்துவிடும்.

அதுவும் இல்லையென்றால், தெரிந்தவரிடம் நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றைக் கடன் வாங்கி மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் ஆளைத் தாக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றியுள்ள சின்ன உருளைகளைக் கண்ணால் பாருங்கள். தலை தட்டையாக இல்லாமல் உப்பியிருந்தால் அந்த போர்டு சோர்ந்துவிட்டது.

படி 7: மிச்சம்

ரேமைக் கழற்றி, துடைத்து மாட்டுங்கள். இரண்டு இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டு ஓட்டுங்கள். ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தேடினால் சோதனைக் கருவியும் கிடைக்கும்.

உங்களுடையது இன்டெலின் 13 அல்லது 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர் என்றால் பயாஸ் (மதர்போர்டில் பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் அவசியம். பிராசசர் அளவுக்கு மேல் வோல்டேஜ் கேட்டதால் இந்த வரிசையில் பல நிலையற்றுப் போயின. இன்டெல் 2024 ஆகஸ்டில் அதற்கான மைக்ரோகோடு (பிராசசரின் உள்கட்டளைகள்) திருத்தத்தை வெளியிட்டு, வாரன்ட்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. ஏற்கெனவே பழுதானதை அப்டேட் குணப்படுத்தாது; வாரன்ட்டியில் மாற்றிக் கேளுங்கள்.

நாளைக்கே புராஜெக்ட் கொடுக்க வேண்டும், பெட்டியைத் திறக்க நேரமில்லை என்பவர்களுக்கு ஒரு தற்காலிக வழி. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், ‘பிராசசர் பவர் மேனேஜ்மென்ட்’ என்று போய், ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’ என்பதை 100இலிருந்து 99 ஆக்குங்கள். பல கணினிகளில் இந்த ஒரு சதவீதம், பிராசசர் தானாகக் கூட்டிக்கொள்ளும் டர்போ வேகத்தையே நிறுத்திவிடும். சூடும் மின்தேவையும் நன்றாகக் குறையும். வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் முடியும்.

கடைக்குத்தான் போக வேண்டும் என்றால், "ஓவர்லோட் ஆகுது" என்று மட்டும் சொல்லாமல், விழும்போது வெப்பநிலை எவ்வளவு, நீலத் திரை வந்ததா, சுவர் பிளக்கில் போட்டும் விழுந்ததா என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். முடிந்தால் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் பெட்டியை மட்டும் கொடுங்கள். ஃபேனையும் எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதிக்க உங்கள் டிஸ்க் தேவையில்லை. கடைக்காரர் தன்னிடம் உள்ள ஒன்றைப் போட்டுப் பார்த்துக்கொள்வார்.