சோர்ந்துபோனவருக்கு எப்படிப் பதில் எழுதுவது

அல்சைமர் என்னும் மறதி நோய் உள்ளவர்களைப் பராமரிப்பவர்களின் இணையக் குழுவில் நானும் இருக்கிறேன். மாமியாரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். "அம்மாவை இன்று திட்டிவிட்டேன்" என்று யாராவது எழுதினால், முதலில் முழுதாகப் படியுங்கள். அவருக்கு வேண்டியது யோசனையா, துணையா என்று தெரியவில்லையா? அவரையே கேளுங்கள். "எல்லாம் சரியாகிவிடும்" வேண்டாம். இது முற்றிக்கொண்டே போகும் நோய், அவருக்கும் தெரியும். "திட்டிய பிறகு நீங்கள் தூங்கினீர்களா?" என்று விசாரியுங்கள். அப்புறம் உங்கள் அனுபவம், இரண்டு வரி போதும். மருந்தின் அளவைச் சொல்லவே சொல்லாதீர்கள். குழுவில் எழுதியதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்புவது, என் பார்வையில், பெரிய துரோகம்.

"வாழவே பிடிக்கவில்லை" என்று எழுதினால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. உதவி எண்ணைக் கொடுங்கள், குழுவை நடத்தும் நெறியாளரையும் கூப்பிடுங்கள். அவருக்கு நேரில் துணை கிடைக்கும்வரை பேச்சை விடாதீர்கள்.