முதலில் தண்ணீர், கடைசியில்தான் சோறு: உணவு மாற்றத் தொடங்குகிறவர்களுக்கு

உணவுப் பழக்கத்தை மாற்றக் கிளம்புகிறவர்கள் முதலில் கை வைப்பது சோற்றில். மட்டக்களப்பில் அது நடக்கிற காரியமல்ல. மதியம் சோறில்லாமல் எழுந்தவர் நான்கு மணிக்கு பேக்கரி பணிசோடு உட்கார்ந்திருப்பார். எனக்குப் பலித்த வரிசை வேறு: தண்ணீர், தேநீர், பிறகு சோறு. சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் நீரின் அளவை வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. தண்ணீர்

உணவிலிருந்து கிடைக்கும் நீரையும் சேர்த்துப் பெண்களுக்கு 2 லீற்றர், ஆண்களுக்கு 2.5 லீற்றர் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபையின் கணக்கு. அது மிதமான காலநிலைக்கு உரியது. கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் வயலில் நிற்பவருக்குப் போதாது. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, கடும் மஞ்சளானால் இன்னும் குடியுங்கள்.

கணக்குத் தெரிந்தும் குடிக்க முடியாமல் என்னைத் தடுத்தது ருசி. கரையோர மணலில் தோண்டிய கிணறுகளில் கோடையில் உவர் ஏறும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உவர் போகாது. நீர் ஆவியாகிக் குறைவதால் உப்பு சற்றுக் கூடவே செய்யும். அத்தகைய வீடுகளில் குடிக்க வேறு நீர்தான் எடுக்க வேண்டும். குழாய் நீரென்றால் குளோரின் வாடை மட்டுமே தொல்லை. வாய் அகன்ற பாத்திரத்தில் பிடித்து, மெல்லிய துணியால் மூடி, ஓர் இரவு வைத்தால் வாடை பெரும்பாலும் அகன்றுவிடும். காலையில் மண்பானைக்கு மாற்றுங்கள். பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீர் குளிர்கிறது. நம்மை வாட்டும் அதே வறண்ட கச்சான் பானைக்கு நல்லது. மாரியில் அவ்வளவு குளிராது, அப்போது தேவையும் இல்லை. அன்றைய நீரை அன்றே முடியுங்கள். பானை கழுவச் சவர்க்காரம் வேண்டாம், மண் உறிஞ்சிவிடும்.

வெளியே போகும்போது ஒரு லீற்றர் எவர்சில்வர் போத்தல். மென்பானப் போத்தலில் நீர் நிரப்பி மோட்டார் சைக்கிளில் வெயில் காயவிடுவது எனக்குப் பிடிக்காது. நேரம் சொல்லும் கைபேசிச் செயலியும் வீண், இரண்டொரு நாளில் அணைத்துவிடுவீர்கள். மதியத்துக்குள் ஒரு போத்தல், மாலைக்குள் இன்னொன்று. விட்டுப்போனதை இரவு படுக்கும் நேரத்தில் ஈடுகட்டப் பார்க்காதீர்கள், தூக்கம்தான் கெடும்.

2. தேநீர்

ஒரு தேக்கரண்டி சீனி ஏறக்குறைய 4 கிராம். கிளாசுக்கு மூன்று கரண்டி, நாளுக்கு நான்கு கிளாஸ் என்றால் 48 கிராம். 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிழமைக்கு அரைக் கரண்டி குறையுங்கள், நாக்கு பழகிவிடும். பனங்கட்டி கடித்துக் குடிப்பதும் சீனிக் கணக்குத்தான். மென்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிற அடையாளம் இருக்கிறது; சிவப்பென்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

3. சோறு

சிவப்பரிசி சமைக்கத் தெரியாதவர் இங்கில்லை, அதை விட்டுவிடுகிறேன். மாற்ற வேண்டியது பரிமாறும் ஒழுங்கு. சோற்றுக் கோப்பையில் பாதியை முதலில் மரக்கறியும் முருங்கை இலைச் சுண்டலும் பிடிக்கட்டும். பிறகு மீன், பொரிக்காமல் ஆணமாக, அதாவது குழம்பாக. மிஞ்சிய இடத்தில் சோறு.

சோறு குறைந்தவுடன் அதே கறி உப்பாகவும் உறைப்பாகவும் தெரியும். பலர் இங்கேதான் பழைய அளவுக்குத் திரும்புகிறார்கள். சோற்றைக் கூட்டாமல் கறியில் உப்பைக் குறையுங்கள். நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிதான் எல்லை. கருவாடும் மாசியும் அதற்குள் அடங்க வேண்டும். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் கீரையிலுள்ள இரும்புச்சத்து நன்றாக உடலில் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அது குறையும், ஒரு மணி நேரம் பொறுங்கள்.

பின்சேர்க்கை: போத்தல் இருக்கிறது, போகிற இடத்தில் கழிப்பறை இல்லையே என்று பஸ்ஸில் தொலைவு போகும் ஆசிரியைகள் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. எழுந்தவுடன் இரண்டு கிளாஸ் குடித்து, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். வழியில் மிடறு மிடறாக, வீடு வந்ததும் மீதி. குடிக்காமலே இருப்பதும் அடக்கி வைப்பதும் சிறுநீர்த் தொற்றுக்கு இடம் கொடுக்கும்.

நோன்பு காலத்துக்கு வழி கேட்ட காத்தான்குடி வாசகருக்கு: நோன்பு திறக்கும்போது பேரீச்சம்பழத்தோடு ஒரு கிளாஸ், தராவீஹ் என்னும் இரவுத் தொழுகைக்கு முன்னும் பின்னும் ஒவ்வொன்று, விடியுமுன் உண்ணும் ஸஹரில் இரண்டு. நோன்புக் கஞ்சியும் நீர்க் கணக்கில் சேரும். ஸஹரில் கருவாட்டைத் தவிர்த்தால் பகலில் தாகம் குறையும்.